டப்பா ஏரோப்ளேனுக்கு வச்ச பொட்டு

ஏண்டி செல்வி, உனக்கு அது எதுக்குடி? துடைச்சமா, பூட்டுனமா, வீட்டுக்குப் போனமான்னு இல்லாம, ஸ்டோர் ரூம்ல கெடக்குற பழைய மெஷினு முன்னாடி குத்தவச்சு உக்காந்து, இந்த முள்ளு எதுக்கு, இந்த நம்பரு எதுக்குன்னு போற வாறவங்கள எல்லாம் கேக்குறியாம்ல. நான் வேலைய விட்டுட்டு நிம்மதியா முருங்கக்கீர உருவிக்கிட்டு இருக்கேன். இங்கயும் வந்து, பேசுறதப் பிடிக்கணும்னு போன நீட்டுற. ஆபீஸுல ஆண்டு மலரு போடுறாங்களாம், அதுல என் அனுபவம் வேணுமாம். எனக்கு என்னடி அனுபவம்? ஏரோப்ளேன துடைச்சேன். அதுவும் பறக்காத ஏரோப்ளேன். எழுதிக்க, முடிஞ்சது.

சரி, மூஞ்சியத் தூக்காத. உக்காரு. சும்மா கேக்காம இந்தா, நீ ஒரு கொத்த உருவு.

நான் ரெண்டாங் கிளாஸு. அதுவும் முழுசா இல்ல. அவனியாபுரம் தாண்டி ஏர்போர்ட் ரோட்டுல இருக்குற அந்தக் கட்டடத்துல மொதல்ல கீழ இருந்த டயர் கடையிலதான் கூட்டிப் பெருக்கிக்கிட்டு இருந்தேன். மேல பைலட்டுக்குப் படிக்கிற பள்ளிக்கூடம் வந்துச்சு. "மேலயும் சேத்துப் பாருங்க"ன்னாங்க. மாடிப்படி ஏறுனதுதான் எனக்குக் கெடச்ச பிரமோஷன். பயிற்சின்னா, செருப்பக் கழட்டு, ஏசியப் போடு, ஈரத்துணி கூடாது, எந்தத் திருகையும் திருகாத. அம்புட்டுத்தான். நீ படிச்சதும் அதே படிப்புதான், வேற ஒண்ணும் புதுசா சேத்துருக்க மாட்டாங்க.

அந்த மெஷினு ஒரு பெரிய டப்பா. உள்ள ரெண்டு சீட்டு, எதுத்தாப்ல ஒரு பலகை பூராம் கடிகாரம் கடிகாரமா முள்ளு. வெளிய பாக்க ஜன்னலு உண்டு, ஆனா வெளிய மேகந்தான் தெரியும். அதுவும் பொய் மேகம். ஒண்ணுமே தெரியாம, முள்ள மட்டும் பாத்து ஊரு போய்ச் சேரணும். அதுதான் அங்க பாடம். இந்த டப்பாவுல பாஸானாத்தான் நெச ஏரோப்ளேன்ல மேகத்துக்குள்ள விடுவாங்க.

அதுல எது கெட்டாலும் என் துணிதான் காரணம். முள்ளு ஆடலியா, ராக்கம்மா துணி. லைட்டு எரியலியா, ராக்கம்மா துணி. ஒரு பய ரெண்டு தடவ பெயிலாயிட்டு, "பாட்டி துடைச்சதுல எல்லாம் மாறிப்போச்சு சார்"னான். அவன் கல்யாணம் ஆகி பொண்டாட்டி கூட சண்டைன்னு கேள்விப்பட்டேன். அதுக்கும் என் துணியத்தான் சொல்லிக்கிட்டு இருப்பான்.

எங்களுக்கு மேல இருந்தவரு கேப்டன் ஐயா. பெரிய பெரிய ஏரோப்ளேன் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. அவரு திட்டி நான் பாத்ததே இல்ல. திட்டாத மனுசன் கூட வேலை பாக்குறது எம்புட்டு கஷ்டம்னு உனக்குத் தெரியாது. புள்ளைங்க டப்பாவுக்குள்ள ஓட்டும்போது இவரு பின்னாடி சின்ன மேசையில உக்காந்துருப்பாரு. பக்கத்துல ஒரு பிஸ்கட் பாக்கெட்டு. தப்புப் பண்ணுனா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. ஒரு பிஸ்கட்ட எடுத்து ரெண்டா உடைப்பாரு. டக்குன்னு சத்தம் கேக்கும். உள்ள இருக்குற புள்ளைக்கு அந்தச் சத்தத்துலயே வேர்த்துப்போகும். முழுசா தின்னு முடிச்சு, வாயத் துடைச்சு, "மறுபடியும்" அப்படிம்பாரு. சில நாளு சாயங்காலம் நான் தரைய கூட்டுனா, பிஸ்கட்டுத் தூளப் பாத்தே அன்னிக்கு எத்தன பேருக்கு அடி விழுந்துச்சுன்னு சொல்லிருவேன்.

அவரு பாடம் தெனமும் ஒண்ணுதான். ஜன்னலத் துடைச்சுக்கிட்டே கேட்டு கேட்டு எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கிச்சு. சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது, என்னைய யாரும் பரீட்சை வைக்கல.

ஒவ்வொரு ஊரு ஏர்போர்ட்டு பக்கத்துலயும் தரையில ஒரு ரேடியோ கம்பம் நிக்குமாம். மீனாச்சி கோயிலச் சுத்தி தெரு எல்லாப் பக்கமும் போகுதுல்ல, அதே மாதிரி அந்தக் கம்பத்துலருந்து சுத்திச் சுத்தி ஆகாசத்துல தெரு போகும். கண்ணுக்குத் தெரியாத தெரு. நீ எந்தத் தெருவுல போகணும்னு திருகிச் சொல்லிட்டா, "தெரு உனக்கு எடப்பக்கம் இருக்கு, சோத்துக்கைப் பக்கம் இருக்கு"ன்னு முள்ளு காட்டும். நீ மூஞ்சிய எங்கிட்டுத் திருப்பிக்கிட்டு நிக்கிறங்கறதப் பத்தி அதுக்குக் கவலையே இல்ல. மருமகளா அமைஞ்சிருக்க வேண்டிய முள்ளு அது.

இன்னொண்ணு தூரம் காட்டுற நம்பரு. அது எப்படின்னா, நம்ம ஏரோப்ளேன்லருந்து "ஏ திருச்சி"ன்னு ஒரு குரல் விடும். திருச்சிக் கம்பம் "என்னா"ன்னு பதில் குடுக்கும். பதில் வர எம்புட்டு நேரமாச்சுன்னு பாத்து, தூரத்த நம்பருல போட்டுரும். ரொம்பப் பேரு ஒரே நேரத்துல கேட்டா, சத்தமாக் கேக்குறவனுக்குத்தான் பதிலாம். ரேஷன் கடையில பாத்ததுதான், அது எனக்கு ஒடனே வெளங்கிருச்சு. அப்புறம் கம்பத்துக்கு நேர் மேல போனாலும் அந்த நம்பரு சைபருக்கு வராது. நீ எம்புட்டு ஒசரத்துல இருக்கியோ அத காட்டும். இதுவும் எனக்கு சொல்லித்தரத் தேவையில்ல. என் மவன் எனக்கு நேர் மேல மாடியிலதான் குடியிருக்கான்.

"டியூன் பண்ணு, காது குடு, அப்புறம் நம்பு." கேப்டன் ஐயா இதத்தான் சொல்லிக்கிட்டே இருப்பாரு. எந்த ஊருன்னு நம்பரத் திருகுனதும் முள்ளு ஆடிரும். ஆனா ஒடனே நம்பக்கூடாது. ஒவ்வொரு கம்பமும் பீப்பி ஊதுற மாதிரி தன் பேரச் சொல்லிக்கிட்டே இருக்கும். முள்ளுக்கு ஒரு பீப்பி, தூரத்துக்கு ஒரு பீப்பி. தூரத்து பீப்பி அப்பப்பதான் வரும். காத்திருந்து கேக்கணும். பாதிப் புள்ளைங்களுக்குக் காத்திருக்கத்தான் தெரியாது.

ஜெனிஃபருன்னு ஒரு புள்ள. வாடிப்பட்டி. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரு, அம்மா வாத்தியாரம்மா, சித்தி, பெரியம்மா எல்லாரும் வாத்தியாருதான். அந்த வீட்டுல சாக்பீஸு இல்லாம சோறு எறங்காது. இது மட்டும் பைலட்டாகணும்னு ஒத்தக்கால்ல நின்னு வந்துருந்துச்சு. நல்ல புள்ள. என்னைய அம்மாச்சின்னுதான் கூப்புடும். ஆனா பரீட்சைன்னு வந்தா பதறிரும். ரெண்டு தடவ அந்த டப்பாவுலயே வழி தவறி, எக்ஸாமினரு ஓரங்கட்டிட்டாரு. அப்பா வாத்தியாரு சொல்லிட்டாரு, "இந்தத் தடவையும் போச்சுன்னா வீட்டுக்கு வந்து பி.எட். சேரு"ன்னு. பி.எட்டுக்கு எடமும் பேசி வச்சுட்டாரு. புள்ள அழுதுச்சு. "அம்மாச்சி, நான் எதுத்த வீட்டுப் புள்ளைக்கு ரெண்டு நாளு கணக்குச் சொல்லிக்குடுத்தேன். அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல் வந்துருச்சு. நான் போயி டீச்சராகுறதா?"ன்னுச்சு.

பரீட்சைக்கு நாளு குறிச்சது நம்ம மேனேஜரு தம்பி. விஜயதசமி அன்னிக்கு வச்சுட்டாரு. ஆரம்பிக்கிறதுக்கு நல்ல நாளாம். அதுல தப்பில்ல. அதுக்கு மொத நாளு ஆயுதபூஜை வரும்ல, அதுலதான் வந்துச்சு வெனை.

கீழ டயர் கடையில பூஜை தடபுடலா நடக்கும். பூசணிக்காய உடைச்சு, மாலை போட்டு, ஒவ்வொரு டயருக்கும் பொட்டு வச்சு. மேனேஜரு தம்பிக்கு ரோசம் வந்துருச்சு. "நம்ம மெஷினுக்கும் பண்ணணும், பாட்டி"ன்னாரு. சந்தனம், குங்குமம், வாழைக்கன்னு, பொரி எல்லாம் வந்துச்சு. எலுமிச்சம்பழத்த டயருக்கு அடியில வச்சு நசுக்கணும்ல? கீழ அம்புட்டு டயரு, மேல ஒண்ணு கூட இல்ல. கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. அப்புறம் கேப்டன் ஐயா உக்காருற ஆபீஸு நாற்காலியோட சக்கரத்துக்கு அடியில பழத்த வச்சு, "ஐயா, ஒரு எட்டு முன்னாடி வாங்க"ன்னாங்க. பெரிய பெரிய ஏரோப்ளேன் ஓட்டுன மனுசன் நாற்காலியோட நகந்து எலுமிச்சம்பழத்த நசுக்குனாரு. முகத்துல ஒரு சலனம் இல்ல. 

அப்புறம் தம்பி டப்பாவுக்குள்ள போயி ஒவ்வொரு கடிகாரத்துக்கும் பொட்டு வச்சாரு. மெஷினு எரியும்போதுதான் வைக்கணுமாம், அப்பத்தான் உசுரு இருக்குமாம். அன்னிக்கு அது திருச்சியத் திருகி வச்சபடி எரிஞ்சுச்சு. தம்பி கைதான் உனக்குத் தெரியுமே, தோசைக்கு மாவு ஊத்துற மாதிரி கட்டைவெரல்ல சந்தனத்த அள்ளி அப்புனாரு. நானு, "ஓரமா வைங்க தம்பி, கண்ணாடியில வேணாம்"னேன். "சாமிக்கு ஓரமாவா வைப்பாங்க?"ன்னுட்டு, என் பக்கம் திரும்பி, "யாரும் இதத் தொடக்கூடாது. மெஷின அணைக்கவும் கூடாது. எங்கம்மா சொல்லிருக்காங்க. முக்கியமா நீங்க, பாட்டி. துணிய எடுத்துட்டு இந்தப் பக்கம் வரக்கூடாது"ன்னாரு. என் வேலை வாழ்க்கையிலயே துடைக்காதன்னு எனக்குச் சொன்னது அன்னிக்கு ஒரு நாளுதான். சந்தோசமா பொரிய வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாளு எக்ஸாமினரு ஐயா மெட்ராஸுலருந்து வந்தாரு. விறைப்பான ஆளு. கேப்டன் ஐயா பின்னாடி மேசையில, எக்ஸாமினரு புள்ளைக்குப் பக்கத்து சீட்டுல. ஜெனிஃபரோட அப்பா வாத்தியாரு கீழ டயர் கடையில ஒரு டயரு மேல உக்காந்து செபம் பண்ணிக்கிட்டு இருந்தாரு. டயர் கடைக்காரரு அவருக்கும் பொரி குடுத்துருந்தாரு. என்னைய கதவுகிட்ட நிக்கச் சொன்னாங்க, யாரும் உள்ள வந்து தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு.

பரீட்சை, திருச்சியில கிளம்பி மதுரையில எறங்கணும். மேகம் பூராம் மூடி வச்சுட்டாங்க. புள்ள கிளம்புச்சு. முள்ளு சரி, தூரமும் சரி. பாதி வழியில புள்ள திருச்சிய விட்டுட்டு மதுரையத் திருகுச்சு. காது குடுத்துச்சு, முள்ளோட பீப்பி மதுரைன்னு சொல்லிருச்சு. முள்ளு மதுரைத் தெருவக் காட்டுச்சு. கேப்டன் ஐயா தலைய ஆட்டிக்கிட்டாரு.

அப்பத்தான் தூரம் பேசுச்சு. மதுரைக்குப் போகப் போக நம்பரு கொறையணும்ல? அது ஏறுது. முள்ளு வா வான்னு கூப்புடுது, நம்பரு போ போங்குது. புள்ள முள்ளையும் நம்பரையும் மாத்தி மாத்திப் பாக்குறது எனக்குக் கதவுகிட்டருந்தே தெரிஞ்சுச்சு. கேப்டன் ஐயா கை பிஸ்கட் பாக்கெட்டுக்குள்ள போச்சு.

என்ன நடந்துச்சுன்னா, தூரம் காட்டுற மெஷினுக்குக் கீழ ஒரு குட்டி சுவிட்சு உண்டு. அத ஒரு எடத்துல தள்ளி வச்சா, நீ எந்த ஊரத் திருகினாலும் அது பழைய ஊரையே பிடிச்சுக்கிட்டு அந்தத் தூரத்தையே சொல்லிக்கிட்டு இருக்கும். அப்படி பிடிச்சுக்கிட்டு இருக்குன்னு காட்ட மிளகு தண்டி ஒரு லைட்டு எரியும். மேனேஜரு தம்பி கட்டைவெரல்ல அப்புனதுல சுவிட்சும் நகந்துருச்சு, லைட்டும் சந்தனத்துக்குள்ள மறைஞ்சுருச்சு. மேல குங்குமம் வேற ஜம்முன்னு. அது தெரியாம புள்ள மதுரைக்குப் போகுது, நம்பரு திருச்சியச் சொல்லுது.

இதெல்லாம் எனக்கு அப்புறம் ஜெனிஃபரு சொல்லித்தான் தெரியும். அந்த நேரம் நான் பாத்தது, புள்ள கைய நீட்டுச்சு. பொட்டுகிட்ட வரைக்கும் வெரலு போச்சு. அங்கயே நின்னுச்சு. அப்புறம் கை திரும்பி மடிக்கு வந்துருச்சு. ரெண்டாவது தடவையும் அதே மாதிரி. தொடல. காதுல மாட்டியிருந்த ஹெட்போன அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, கண்ண மூடி காத்திருந்துச்சு. தூரத்து பீப்பி வந்துச்சு. திருச்சின்னு சொல்லுச்சாம்.

புள்ளைக்கு வெளங்கிருச்சு. கண்ணத் தொறந்து முணுமுணுத்துச்சு. மேலூரு ரோட்டுல மைல்கல்லப் பாத்துருக்கியா? ஒரு பக்கம் மதுரை எம்புட்டுன்னு இருக்கும், மறுபக்கம் திருச்சி எம்புட்டுன்னு இருக்கும். கல்லோட தப்பான பக்கத்தப் படிச்சா என்ன, மொத்த தூரத்துலருந்து கழிச்சா சரியான பக்கம் வந்துரும்ல. புள்ள அதத்தான் பண்ணுச்சு. நேர் கோட்டுல போறதுனால, திருச்சியிலருந்து வந்த தூரத்தக் கழிச்சு கழிச்சு மதுரைக்கு மீதி எம்புட்டுன்னு மனசுலயே போட்டுக்கிட்டு போச்சு. எறங்க ஆரம்பிக்க வேண்டிய எடத்துல சரியா எறங்க ஆரம்பிச்சுச்சு. முன்னாடியே எறங்கியிருந்தா அழகர்மலையில முட்டியிருக்கும். பிந்தியிருந்தா விருதுநகரு போயி பரோட்டா தின்னுருக்கலாம். கணக்குச் சொல்லிக்குடுத்து காய்ச்சல் வரவச்ச புள்ள!

கேப்டன் ஐயா கையில எடுத்த பிஸ்கட்டு உடையல. அப்படியே பிடிச்சுக்கிட்டு இருந்தாரு.

எக்ஸாமினரு ஒரு பொத்தான அமுக்குனாரு. ஏரோப்ளேன் நடு ஆகாசத்துல நின்னுருச்சு. 

"தூரம் ஏறிக்கிட்டே போகுது. நீ பாட்டுக்கு எறக்குற. எத வச்சு எறக்குன?"

புள்ள சொல்லுச்சு. அவரு பொட்ட உத்துப் பாத்தாரு. 

"அப்ப சுவிட்சு மாறியிருக்குன்னு தெரியும்?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் ஏன் மாத்தல?"

"சாமி பொட்டு சார்."

"அதனால?"

புள்ள குரலு எறங்கிருச்சு. "நான் சர்ச்சுக்குப் போறவ சார். இவங்க வச்ச பொட்ட நான் அழிச்சா நல்லாருக்காது. எங்கப்பா வேற கீழ அவங்க கூடத்தான் உக்காந்துருக்காரு."

எக்ஸாமினரு தலையப் பிடிச்சுக்கிட்டாரு. "நெச ஏரோப்ளேன்லயும் பூஜை போடுவாங்கம்மா. அங்கயும் கழிச்சுக்கிட்டே போவியா?" அப்புறம் சொல்லிட்டாரு. மெஷினு சரியில்லாம ஓட்டுனதுக்கு அவரு பாஸும் போட முடியாது, பெயிலும் போட முடியாது. சரி பண்ணி மறுபடி ஓட்டணும். அவரு மத்தியானம் கெளம்பிருவாரு. அதுக்குள்ள சரி பண்ணலைன்னா, பரீட்சைக்குப் புள்ள வரலைன்னு எழுதிட்டுப் போயிருவாரு. அப்படி எழுதுனாலும் மூணாவது தடவ போனது போனதுதான். பி.எட்.தான்.

"சரி, அந்தப் பொட்ட எடுங்க"ன்னாரு.

இங்கதான் செல்வி, நீ பாத்திருக்கணும். கேப்டன் ஐயா சொன்னாரு, "பரீட்சை நடக்கும்போது சொல்லிக்குடுத்தவன் கை வைக்கக்கூடாது, விதி." அப்ப நீங்க எடுங்கன்னா, எக்ஸாமினரு சொன்னாரு, "பரீட்சை வைக்கிறவன் மெஷினத் தொடக்கூடாது, அதுவும் விதி." விதியாம் விதி. ரெண்டு பேரு நெத்தியிலயும் அன்னிக்குக் காலையில வச்ச சந்தனம். மேனேஜரு தம்பியக் கூப்பிட்டாங்க. அவரு வந்து பாத்துட்டு, "ஐயையோ, எங்கம்மாவக் கேக்கணும்"னு போனு போட்டாரு. அம்மா குளிச்சுக்கிட்டு இருக்காங்களாம். புள்ள டப்பாவுக்குள்ள உக்காந்து மணியையே பாத்துக்கிட்டு இருக்கு. ஆகாசத்துல வழி கண்டுபிடிக்கிற நாலு பேரு, ஒரு சொட்டு சந்தனத்த சுத்தி நின்னுக்கிட்டு அம்மா குளிச்சுட்டு வரட்டும்னு இருக்காங்க.

எனக்கு நின்னு நின்னு முட்டி வலி. வீட்டுல சுண்டலு ஊறப்போட்டது வேற ஞாபகம் வந்துருச்சு.

உள்ள போனேன். மேனேஜரு தம்பி, "பாட்டி, துடைக்கக்கூடாது!"ன்னு கத்துனாரு. நான் துடைக்கவா போனேன்? துணிய வாசல்லயே வச்சுட்டுத்தான் போனேன். கோயில்ல குங்குமத்த யாராச்சும் துடைப்பாங்களா? பிரசாதம், எடுத்து இட்டுக்கத்தான செய்வாங்க. மோதிர வெரலால சந்தனத்தையும் குங்குமத்தையும் வழிச்சு எடுத்தேன். எடுத்து என் நெத்தியில வச்சுக்கிட்டேன்.

என் வீட்டுக்காரரு போன நாளுலருந்து நான் துன்னூறத் தவிர வேற வச்சதில்லன்னு அங்க எல்லாருக்கும் தெரியும். மேனேஜரு தம்பி வாயி தொறந்தது தொறந்தபடி நிக்குது. நான், "பயப்படாதீங்க தம்பி. இனிமே ஆகாதுன்னு சொல்ல எனக்கு ஆள் இல்ல"ன்னேன். கேப்டன் ஐயா சட்டுன்னு சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. தோளு குலுங்குச்சு. சிரிச்சாரா என்னன்னு நான் போயி பாக்கல.

சந்தனத்துக்குக் கீழ அந்த மிளகு லைட்டு மினுக்குன்னு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஜெனிஃபரு வெரலு வச்சு சுவிட்ச தள்ளுச்சு. லைட்டு அணைஞ்சுச்சு.

மறுபடி திருச்சியிலருந்து ஓட்டுச்சு. இப்ப எல்லாம் சரியா இருக்கு, அதுதான் ஆபத்து. மதுரை தூரம் ஒழுங்கா கொறைஞ்சுக்கிட்டு வருது, புள்ள பழக்கதோசத்துல அதையும் கழிக்க ஆரம்பிச்சுருச்சு. உதடு முணுமுணுக்குது. கேப்டன் ஐயா கையில இருந்த பிஸ்கட்டு அப்படியே தூளாப் போச்சு, உடைக்கவும் முடியல, பரீட்சையில சத்தம் வரக்கூடாதுல்ல. நான் எங்க மாரியாத்தாளக் கூப்புடுறேன், அது உதட்டுல ஏசப்பாவக் கூப்புடுது. அப்புறம் புள்ள தலைய ஒரு உதறு உதறுச்சு. காதுல வச்சத அமுக்கி, காத்திருந்து, தூரத்து பீப்பியக் கேட்டுச்சு. மதுரைன்னு சொல்லுச்சாம். முணுமுணுப்பு நின்னுச்சு. கொஞ்சம் பிந்தித்தான் எறக்குச்சு, ஆனா எறக்கிருச்சு.

எக்ஸாமினரு ஹெட்போன காதுலருந்து எடுத்து வச்சாரு. "பாஸு. மொதல்ல ஓட்டுனதுதான் இதவிட நல்லாருந்துச்சு. ஆனா அதுக்கு மார்க்கு போட எனக்கு எடம் கெடையாது"ன்னாரு.

புள்ள கீழ ஓடுச்சு. நானும் படியில நின்னு பாத்தேன். வாத்தியாரு டயருலருந்து எந்திரிச்சாரு. பாஸுன்னதும் மூஞ்சி விரிஞ்சுச்சு, ஒடனே சுருங்குச்சு, மறுபடி விரிஞ்சுச்சு. "அப்ப பி.எட். எடத்துக்கு என்ன சொல்றது?"ன்னாரு. "நீங்க சேந்துக்கங்கப்பா"ன்னுச்சு புள்ள. மனுசன் பொரிய வாயில போட்டுக்கிட்டு அழுதாரு. 

மேனேஜரு தம்பி அம்மா போன்ல வந்துட்டாங்களாம். "எடுத்துட்டாங்களா? யாரு எடுத்தா?"ன்னு கேட்டாங்களாம். தம்பி, "அதுவா விழுந்துருச்சும்மா"ன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு வருசமும் அங்க ஓரமாத்தான் பொட்டு வைக்கிறாங்க. இப்ப வந்துருக்குற புது மெஷினுல முள்ளே இல்லியாம்ல, பெரிய கண்ணாடியில படமே வருதாம்ல. அதுல எங்க வைக்கிறாங்கன்னு நீதான் பாத்துச் சொல்லணும்.

அன்னிக்கு சாயங்காலம் வில்லாபுரம் பஸ்ஸ விட்டு எறங்கி தெருவுக்குள்ள வாரேன். நெத்தியில அப்பிக்கிட்டு இருக்குறத நான் மறந்தே போனேன். குழாயடியில குடத்த வச்சுக்கிட்டு நின்ன அம்புட்டுப் பேரும் என் நெத்தியவே பாத்தாங்க. எதுத்த வீட்டுப் பேச்சிதான் வாயத் தொறந்தா. அவ புருசனும் எங்க வீட்டுக்காரரு போன கொஞ்ச நாளுலயே போனவருதான். "என்னக்கா இது, நெத்தியில? எவன் வச்சது?"ன்னா.

"ஏரோப்ளேன் வச்சுச்சு பேச்சி"ன்னேன். "ஒரு புள்ளைக்கு வழிய மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. படிச்ச ஆளுக அம்புட்டுப் பேரும் சுத்தி நின்னு பாத்தாங்க, எடுக்க மாட்டேன்னுட்டாங்க. வீணாப் போகுதேன்னு நான் வச்சுக்கிட்டேன். இன்னும் எல்லா முள்ளுலயும் இருக்கு. நாளைக்குக் கூட வாரியா, உனக்கும் ஒண்ணு எடுத்துத் தாரேன்."